உங்கள் வட்டாரத்தின் பிறப்பு, இறப்பு விகிதத்தை நாட்டு விகிதத்தோடு ஒப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஊராட்சித் திட்டம் எழுதுகிறவர்கள், சமூக மருத்துவம் படிக்கும் மாணவர்கள், தன்னார்வலர்கள் எனப் பலரோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். பதிவேட்டில் இருக்கும் இறப்புகளை எண்ணி, 2011 மக்கள்தொகையால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கி, நாட்டு எண்ணுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். உடனே "எங்கள் பகுதியில் இறப்பு நாட்டு அளவைவிட இவ்வளவு அதிகம்" என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள்.

அந்த வரி பெரும்பாலும் தவறாக இருக்கும். வகுத்ததில் பிழை இருக்காது. இரண்டு எண்ணும் ஒரே விதமான ஆட்களை, ஒரே ஆண்டில், ஒரே விதியில் எண்ணியவைதானா என்று பார்க்காமல் விட்டதுதான் பிழை. கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் அந்தச் சரிபார்ப்புதான். வரிசையை மாற்ற வேண்டாம். முதல் நான்கு படிகளை ஒழுங்காகச் செய்தால் மீதி ஒரு பிற்பகல் வேலை.

எடுத்துக்காட்டாக ஒரு கிராமப்புற வட்டாரத்தைக் கடைசி வரை கொண்டுபோகிறேன். அந்த வட்டாரத்தின் எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. நாட்டு எண்களும் மாநில எண்களும் உண்மையானவை.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

வட்டாரத்துக்குள் இருக்கும் எல்லாப் பதிவு இடங்களின் பிறப்பு, இறப்பு எண்ணிக்கை முதலில் வேண்டும். கிராமத்தில் நடந்தது கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும். பேரூராட்சி, நகராட்சியில் நடந்தது அங்கே இருக்கும். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நடந்தவை அந்தந்த இடத்துப் பதிவில் இருக்கும். ஒரே அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

அப்புறம், கிராம சுகாதார செவிலியர்களிடம் இருக்கும் கர்ப்பிணிகள் பட்டியல், குழந்தைகள் பட்டியல், இறப்புக் குறிப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்வாரி எண்கள். மாதிரிப் பதிவு முறையின் ஆண்டறிக்கை. ஒரு எக்செல் தாள். இவ்வளவு போதும்.

பெயர்ப் பட்டியலை வெளியே எடுத்து வராதீர்கள். வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கி, ஒப்பிடும் வேலையை அந்த அலுவலகத்திலேயே முடித்து, எண்ணிக்கையை மட்டும் எடுத்து வாருங்கள். செத்துப் பிறந்த குழந்தையின் தாய் யார் என்பது உங்கள் மடிக்கணினியில் இருக்க வேண்டிய செய்தி அல்ல.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"2020ஆம் ஆண்டில், இந்த வட்டாரத்தில் வழக்கமாக வசிப்பவர்களின் இறப்பு விகிதம், இந்தியக் கிராமப்புற விகிதத்தோடு ஒப்பிட்டால் எப்படி?" இப்படி இருக்க வேண்டும். ஆண்டு, யார், எந்த எல்லை, எதனோடு என்ற நான்கும் அந்த வரியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏன் இவ்வளவு கறார்? பின்னால் ஒவ்வொரு படியிலும் ஒரு சந்தேகம் வரும். வெளியூர் மருத்துவமனையில் இறந்தவரைச் சேர்ப்பதா, ஜனவரியில் பதிவான டிசம்பர் இறப்பு எந்த ஆண்டு என்றெல்லாம். இந்த வரியைப் படித்தால் பதில் கிடைக்கும். வரி இல்லையென்றால் ஒரு கோப்பில் ஒரு மாதிரியும் அடுத்த கோப்பில் வேறு மாதிரியும் முடிவெடுப்பீர்கள்.

2. நாட்டு எண்ணை முதலில் எடுங்கள்

புதியவர்கள் உள்ளூர் எண்ணில் தொடங்குவார்கள். நாட்டு எண்ணில் தொடங்குங்கள். உள்ளூரில் நீங்கள் எப்படி எண்ண வேண்டும் என்பதை அந்த எண் எப்படி வந்தது என்பதுதான் தீர்மானிக்கிறது.

இந்தியாவின் பிறப்பு, இறப்பு விகிதம் என்று செய்தியில் வருவது பதிவேடுகளைக் கூட்டி வந்ததல்ல. எஸ்.ஆர்.எஸ். எனப்படும் மாதிரிப் பதிவு முறையிலிருந்து வருவது. நாடு முழுவதும் 8,800க்கும் மேற்பட்ட மாதிரிப் பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் உள்ளூர்க்காரர் ஒருவர் ஆண்டு முழுவதும் பிறப்பு, இறப்புகளைக் குறித்துவருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் அந்தப் பட்டியலைப் பார்க்காமல் வீடு வீடாகப் போய்க் கேட்பார். இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை மறுபடி களத்தில் சரிபார்ப்பார்கள். இதை மனதில் வையுங்கள், 4ஆம் படியில் நாமும் இதையே செய்யப்போகிறோம்.

2020க்கான எண்கள் இவை. இந்தியா முழுவதும்: ஆயிரம் பேருக்குப் பிறப்பு 19.5, இறப்பு 6.0, உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்குச் சிசு மரணம் (ஒரு வயது நிறையுமுன் இறப்பது) 28. கிராமப்புறம்: 21.1, 6.4, 31. நகர்ப்புறம்: 16.1, 5.1, 19. தமிழ்நாடு: 13.8, 6.1, 13.

இங்கே மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

கிராமப்புற வட்டாரத்தை மொத்த இந்தியாவோடு ஒப்பிடுவது முதல் தவறு. கிராமத்துக்குக் கிராமம், நகரத்துக்கு நகரம். வட்டாரத்தில் இரண்டும் கலந்திருந்தால் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

ஆண்டைக் கலப்பது அடுத்தது. நாட்டின் இறப்பு விகிதம் 2020ல் 6.0, கொரோனா இரண்டாம் அலை வந்த 2021ல் 7.5, 2023ல் 6.4. உள்ளூர் 2021ஐ நாட்டின் 2020க்குப் பக்கத்தில் வைத்தால், எங்கும் ஏறிய இறப்பு உங்கள் ஊரில் மட்டும் ஏறியதுபோலத் தெரியும். எஸ்.ஆர்.எஸ். நாட்காட்டி ஆண்டில் போகிறது. சுகாதாரத் துறையின் மாதாந்திர அறிக்கைகள் ஏப்ரல் முதல் மார்ச் வரை போகின்றன. இரண்டையும் கலந்தால் மூன்று மாதம் நழுவிவிடும்.

மூன்றாவது, மூலத்தைக் கலப்பது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு தமிழ்நாட்டின் சிசு மரண விகிதத்தை 18.6 என்கிறது. எஸ்.ஆர்.எஸ். 13 என்கிறது. ஆய்வின் எண் கணக்கெடுப்புக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துச் சொல்வது, எஸ்.ஆர்.எஸ். எண் அந்த ஓர் ஆண்டுக்கானது. பிடித்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரு மூலத்தை எடுத்தால் கடைசி வரை அதிலேயே நில்லுங்கள்.

3. நடந்த இடத்தை விட்டு, வசிக்கும் இடத்துக்கு மாற்றுங்கள்

எல்லாத் தவறுகளிலும் பெரியது இங்கேதான் இருக்கிறது. நிதானமாகப் படியுங்கள்.

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. பிரசவங்கள் மருத்துவமனைக்குப் போய்விட்ட காலத்தில் இதன் விளைவை நினைத்துப் பாருங்கள். பெரிய மருத்துவமனை இருக்கும் நகரத்தின் பதிவேட்டில் சுற்றுவட்டாரக் குழந்தைகள் எல்லாம் இருப்பார்கள். கிராமத்துப் பதிவேடு காலியாகக் கிடக்கும். எஸ்.ஆர்.எஸ். விகிதமோ வழக்கமாக வசிப்பவர்களை வைத்துப் போடப்படுவது.

நம் எடுத்துக்காட்டு வட்டாரத்தில் 58,000 பேர். வட்டாரத்துக்குள் பதிவான பிறப்புகள் 310. அப்படியே வகுத்தால் ஆயிரத்துக்கு 5.3 வருகிறது. தமிழ்நாட்டின் விகிதத்தில் பாதிகூட இல்லை. இந்த எண்ணைப் பார்த்து "குழந்தைப் பேறு சரிந்துவிட்டது" என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும். சரிந்தது ஒன்றுமில்லை, பிரசவம் பக்கத்து ஊரில் நடந்திருக்கிறது.

திருத்தம் இப்படி. உள்ளே பதிவானவை 310. வட்டாரத்துப் பெண்கள் வெளியே பெற்றவை 480, கூட்டுங்கள். வெளியூர்ப் பெண்கள் இங்கே வந்து பெற்றவை 70, கழியுங்கள். 720 வருகிறது.

அந்த 480ஐயும் 70ஐயும் எங்கே பிடிப்பது? பிறப்பு அறிக்கைப் படிவத்தின் புள்ளிவிவரப் பகுதியில் தாய் வழக்கமாக வசிக்கும் ஊர் கேட்கப்பட்டிருக்கும். வெளியே பிறந்தவற்றுக்குக் கிராம சுகாதார செவிலியரின் கர்ப்பிணிகள் பட்டியல்தான் சிறந்த வழி. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பின்தொடரும் அரசின் பிக்மி பதிவில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தனி எண் உண்டு. அவர் எங்கே பெற்றாலும் அந்த எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

தலைப்பிரசவத்தில் கவனம் வேண்டும். வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். கர்ப்பப் பதிவு புகுந்த ஊரில், பிரசவம் தாய்வீட்டுப் பக்கத்து மருத்துவமனையில், குழந்தைக்கு முதல் தடுப்பூசி தாய்வீட்டுச் செவிலியரிடம். இரண்டு செவிலியரும் நேர்மையாகத் தங்கள் பட்டியலில் எழுதியிருப்பார்கள். ஒரே குழந்தை இரண்டு தடவை எண்ணப்படும், அல்லது "அவங்க எழுதியிருப்பாங்க" என்று இரண்டு இடத்திலும் விடுபடும். விதி ஒன்றே: தாய் வழக்கமாக வசிக்கும் ஊருக்கே அந்தப் பிறப்பு. பிரசவத்துக்காகச் சில மாதம் தங்குவது வசிப்பிடத்தை மாற்றாது.

இறப்புக்கும் இதே வேலை. உள்ளே பதிவானவை 455, வெளியூர் மருத்துவமனைகளில் இறந்த நம்மவர்கள் 80, இங்கே வந்து இறந்த வெளியூர்க்காரர்கள் 35. 455 + 80 − 35 = 500. முதியோர் இல்லம், நெடுஞ்சாலை விபத்து இரண்டையும் தனியாகப் பாருங்கள். கழிக்க வேண்டிய 35 பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மில், சூளை, கட்டட வேலைக்கு வந்து தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களை என்ன செய்வது? ஆறு மாதம் இங்கே இருந்திருந்தாலோ, இருக்கப்போகிறார்கள் என்றாலோ இங்கே வசிப்பவர்கள்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் முக்கியம்: அவர்களின் குழந்தையைத் தொகுதியில் (மேலே வரும் எண்ணிக்கையில்) சேர்த்தால் அவர்களைப் பகுதியிலும் (கீழே வகுக்கும் மக்கள்தொகையிலும்) சேர்க்க வேண்டும்.

4. விடுபட்டவற்றைத் தேடுங்கள்

பிறப்பு இப்போது அவ்வளவாக விடுபடுவதில்லை. பள்ளியில் சேர்க்கச் சான்றிதழ் வேண்டும். இறப்பு அப்படியல்ல. 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். ஆனால் பட்டா மாற்ற, வங்கிப் பணம் எடுக்க, வாரிசுச் சான்றிதழ் வாங்க எனத் தேவை வரும்போதுதான் பலர் பதியப் போகிறார்கள். அதனால் பெயரில் ஒன்றும் இல்லாதவர்கள்தான் விடுபடுகிறார்கள்: வயதான பெண்கள், சொத்தில்லாத ஏழைகள், பிறந்து சில நாளில் இறந்த குழந்தைகள். இவர்களை எண்ணாமல் விட்டுவிட்டு நம் ஊரில் இறப்பு குறைவு என்று சொல்வது எனக்குப் பெரும் அநியாயமாகப் படுகிறது.

முதலில் ஒரு சுலபமான சோதனை. இறந்தவர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று வயதுவாரியாகப் பிரியுங்கள். எழுபது வயதைத் தாண்டியவர்களில் பெண்களின் இறப்பு ஆண்களைவிட மிகக் குறைவாக இருந்தால், அந்த ஊரில் மூதாட்டிகள் எண்ணப்படவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

அப்புறம் இரண்டாவது பட்டியல். செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆஷா பணியாளர் ஆகியோரிடம் கேட்டு, பதிவேட்டைக் காட்டாமல் ஒரு இறப்புப் பட்டியல் தயாரியுங்கள். முதியோர் உதவித்தொகை நிறுத்தப்பட்டவர்கள், மயானப் பதிவு ஆகியவையும் உதவும். பிறகு இரண்டையும் பெயர், ஊர், ஏறக்குறைய தேதி வைத்துப் பொருத்துங்கள்.

பதிவேட்டில் 500, செவிலியர் பட்டியலில் 480, இரண்டிலும் இருப்பவர்கள் 430 என்று வைப்போம். இரண்டு பட்டியலையும் சேர்த்தால் 550 பேர். ஆனால் இரண்டிலுமே இல்லாதவர்களும் இருப்பார்கள். அவர்களையும் மதிப்பிட ஒரு வழி உண்டு: 500ஐ 480ஆல் பெருக்கி 430ஆல் வகுத்தால் 558. சந்திரசேகரனும் டெமிங்கும் 1949ல் கொடுத்த முறை இது. வங்காளத்தின் சிங்கூர் சுகாதார மையப் பகுதியின் பதிவுகளில் செய்து காட்டினார்கள்.

காரணம் எளிது. செவிலியர் கண்ட 480 பேரில் 430 பேரைப் பதிவேடு பிடித்திருக்கிறது. அப்படியானால் ஊரில் நடந்த மொத்த இறப்பிலும் பதிவேடு அதே பங்கைத்தான் பிடித்திருக்கும் என்று கொள்கிறோம்.

இது செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு பட்டியலும் தனித்தனியாக உருவாகியிருக்க வேண்டும். செவிலியர் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பார்த்து எழுதியிருந்தால் எல்லாப் பெயரும் பொருந்தும், விடுபட்டது சுழி என்று வரும். முழுப் பொருத்தம் வந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். பட்டியல் எப்படி எழுதப்பட்டது என்று கேளுங்கள்.

எண்ணும்போது பதிவான தேதியைப் பார்க்காதீர்கள், நிகழ்ந்த தேதியைப் பாருங்கள். ஆண்டு முடிந்த உடனே எண்ணவும் வேண்டாம். டிசம்பர் இறப்புகள் ஏப்ரல் வரைகூட வந்துகொண்டிருக்கும்.

5. யாரால் வகுப்பது?

தொகுதிக்கு இவ்வளவு பாடுபட்டவர்கள் பகுதியில் சட்டென்று 2011 எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். மக்கள்தொகையில் பத்து சதவீதம் பிசகினால் விகிதமும் ஏறக்குறைய அதே அளவு பிசகும். அடுத்த கணக்கெடுப்பு 2027ல்தான் என்பதால், இடைப்பட்ட ஆண்டுகளுக்கு மதிப்பீடு செய்தே ஆக வேண்டும்.

2001க்கும் 2011க்கும் இடையில் தமிழ்நாடு 15.6 சதவீதம் வளர்ந்தது என்று அதே வேகத்தை நீட்டுவது பொதுவான தவறு. அதற்குப் பிறகு வேகம் வெகுவாகக் குறைந்துவிட்டது. 2011ல் 7.21 கோடியாக இருந்த தமிழ்நாடு 2021ல் சுமார் 7.64 கோடி என்பதே அரசின் தொழில்நுட்பக் குழுவின் கணிப்பு. ஆறு சதவீதம்கூட இல்லை. 2011ல் 55,000 பேர் இருந்த வட்டாரத்துக்கு 2021ல் பழைய வேகத்தில் 63,500 வரும், புதிய வேகத்தில் 58,200 வரும். ஒரே 558 இறப்புக்கு முதலாவதில் 8.8, இரண்டாவதில் 9.6.

மாநில வேகமும் உங்கள் ஊருக்குப் பொருந்தும் என்ற உறுதி இல்லை. செவிலியர்களின் குடும்பக் கணக்கெடுப்போடு ஒப்பிடுங்கள். குடும்ப அட்டை எண்ணிக்கையை நம்ப வேண்டாம். சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்ப்பவர்களின் பெயர் இன்னும் ஊர் அட்டையில் இருக்கும்.

எல்லையும் மாறியிருக்கலாம். 2011 அட்டவணையில் வேலூர் மாவட்டம் என்று இருப்பது 2019ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகிவிட்டது. ஊராட்சிகள் நகராட்சியோடு இணைக்கப்பட்டிருக்கலாம். வட்டார மொத்தத்தை அப்படியே எடுக்காமல், இன்றைய எல்லைக்குள் இருக்கும் ஊர்களை 2011 பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடிக் கூட்டுங்கள்.

வகுக்க வேண்டியது அந்த ஆண்டின் நடுவில், ஜூலை 1ல் இருந்த மக்கள்தொகை. எஸ்.ஆர்.எஸ். செய்வதும் அதுவே. நம் வட்டாரத்துக்கு அது 58,000.

6. வகுத்துப் பாருங்கள், உடனே சந்தேகப்படுங்கள்

பிறப்பு விகிதம்: 720 ÷ 58,000 × 1000 = 12.4.
இறப்பு விகிதம்: 558 ÷ 58,000 × 1000 = 9.6.
ஒரு வயது நிறையுமுன் இறந்த குழந்தைகள் 6 என்றால் சிசு மரணம்: 6 ÷ 720 × 1000 = 8.3.

சிசு மரணத்தை மக்கள்தொகையால் வகுப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். அதற்குப் பகுதி உயிருடன் பிறந்த குழந்தைகள்தான்.

இப்போது இறப்பைப் பாருங்கள். நாட்டில் 6.0, கிராமப்புற இந்தியாவில் 6.4, நம்மிடம் 9.6. வட்டாரத்தில் மக்கள் அநியாயமாகச் செத்துக்கொண்டிருக்கிறார்களா? பத்திரிகைக்காரரைக் கூப்பிடும் ஆசை வரும் இடம் இது. இன்னும் இரண்டு படி பொறுங்கள்.

7. சிறிய எண் எவ்வளவு ஆடும் என்று கணக்கிடுங்கள்

எதுவுமே மாறாவிட்டாலும் இந்த ஆண்டு 558 என்றால் அடுத்த ஆண்டு 530ஓ 585ஓ வரலாம். அந்த இயல்பான ஆட்டத்தைத் தாண்டிய வித்தியாசத்தைத்தான் வித்தியாசம் என்று சொல்ல முடியும்.

எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 1.96ஆல் பெருக்கி, எண்ணிக்கையோடு கூட்டியும் கழித்தும் பாருங்கள். 558க்கு அது சுமார் 46. ஆகவே ஆட்டத்தின் எல்லை 512 முதல் 604 வரை, விகிதமாக 8.8 முதல் 10.4 வரை. 6.4 இதற்குள் இல்லை. தற்செயல் என்று தள்ள முடியாது.

பிறப்பு 720க்கு 667 முதல் 773 வரை, விகிதமாக 11.5 முதல் 13.3 வரை. தமிழ்நாட்டின் 13.8ஐவிடச் சற்றுக் குறைவுதான்.

எண்ணிக்கை இருபதுக்குக் கீழே இருந்தால் இந்தக் குறுக்கு வழி சரிவராது. சிறிய எண்ணிக்கைகளுக்கு இந்த எல்லையைத் தரும் பாய்சான் அட்டவணையைப் பாருங்கள். 6 மரணத்துக்கு எல்லை 2.2 முதல் 13.1 வரை. விகிதமாக 3.1 முதல் 18.1 வரை. கிராமப்புற இந்தியாவின் 31க்குக் கீழே என்று சொல்லலாம். தமிழ்நாட்டின் 13ஐவிட மேல் என்றோ கீழ் என்றோ சொல்ல இடமில்லை. சுழி வந்த ஊராட்சியும் அப்படித்தான். நாற்பது குழந்தை பிறந்த ஊரில் ஓர் ஆண்டு மரணமே இல்லை என்பது ஆறுதல், விகிதம் அல்ல.

மகப்பேறு மரணத்தை வட்டார அளவில் கணக்கிடவே வேண்டாம். 2018–20ல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 54. 720 பிறப்புக்கு எதிர்பார்க்கக்கூடியது 0.4 மரணம். ஒரு தாய் இறந்தாலே விகிதம் 139 ஆகிவிடும். அந்த மரணம் ஏன் நடந்தது என்று விசாரிப்பதுதான் அங்கே பயனுள்ளது.

8. வயதைச் சரிசெய்யுங்கள்

கேரளத்தின் இறப்பு விகிதம் 2020ல் 7.0. பீகாரின் விகிதம் 5.4. கேரளத்தில் சிசு மரணம் 6, பீகாரில் 27. எங்கே மக்கள் நலமாக இருக்கிறார்கள் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. ஆனாலும் இறப்பு விகிதம் தலைகீழாக நிற்கிறது. கேரளத்தில் முதியவர்கள் அதிகம், பீகாரில் சிறுவர்கள் அதிகம். அவ்வளவுதான் காரணம்.

புதியவர்களிடம் இந்த ஒரு சோடி எண்ணைக் காட்டிவிட்டுத்தான் இந்தப் படிக்கே போவேன். இதைப் பார்த்தபிறகு யாரும் வயதைச் சரிசெய்யாமல் இறப்பை ஒப்பிடத் துணிவதில்லை.

சிறிய பகுதிக்கு ஏற்றது மறைமுக முறை. கேள்வி இது: நாட்டில் ஒவ்வொரு வயதிலும் எந்த வேகத்தில் இறப்பு நிகழ்கிறதோ அதே வேகத்தில் இங்கும் நிகழ்ந்தால், நம் ஊரின் வயது அமைப்புக்கு எத்தனை இறப்பு வரும்?

வழி விளங்க மூன்று வயதுப் பிரிவு மட்டும் எடுக்கிறேன். வேகங்களும் முழு எண்ணாக வைத்துக்கொண்டவைதான்.

14 வயது வரை: 11,000 பேர், ஆயிரத்துக்கு 1 வீதம், 11 இறப்பு.
15 முதல் 59 வரை: 36,000 பேர், ஆயிரத்துக்கு 3 வீதம், 108 இறப்பு.
60க்கு மேல்: 11,000 பேர், ஆயிரத்துக்கு 40 வீதம், 440 இறப்பு.

எதிர்பார்க்கும் இறப்பு 559. நடந்தது 558. நடந்ததை எதிர்பார்த்ததால் வகுத்தால் விகிதம் 1.00, அதன் எல்லை 0.92 முதல் 1.08 வரை. 9.6 என்று பயமுறுத்திய எண்ணுக்குப் பின்னால் இருந்தது இதுதான்: வாலிபர்கள் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள், பெரியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். 2011ல் நாட்டு மக்களில் 60 வயதைத் தாண்டியவர்கள் 8.6 சதவீதம், இந்த வட்டாரத்தில் 2020ல் 19 சதவீதம்.

நிஜக் கணக்கில் மூன்று பிரிவு போதாது. 60க்கு மேல் என்ற ஒரே பெட்டியில் 62 வயதுக்காரரும் 85 வயதுப் பாட்டியும் இருப்பார்கள். உங்கள் ஊரில் பாட்டிகள் அதிகம் என்றால் மறுபடி பிழை வரும். ஐந்தைந்து வயதாகப் பிரித்து, ஆண், பெண் தனியாகப் போடுங்கள். வயதுவாரி இறப்பு விகிதங்கள் எஸ்.ஆர்.எஸ். ஆண்டறிக்கையில் கிராமம், நகரம், பால் வாரியாக இருக்கின்றன. சில பக்கங்களே உள்ள சிற்றறிக்கையில் அவை இருக்காது. பெரிய அறிக்கையைத் தேடி எடுங்கள்.

மறைமுக முறையில் வந்த விகிதத்தை வைத்துப் பக்கத்து வட்டாரத்தோடு போட்டி வைக்காதீர்கள். ஒவ்வொரு வட்டாரத்தின் விகிதமும் அதனதன் வயது அமைப்பில் நிற்கிறது. அது நாட்டோடு ஒப்பிடத்தான்.

பிறப்புக்கும் இதே நியாயம். இளம் பெண்கள் குறைவாக இருக்கும் ஊரில் பிறப்பு விகிதம் தானாகவே குறையும். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்கள் 15,200 பேர் என்றால் 720 ÷ 15,200 × 1000 = 47.4. இது பொதுக் கருவள விகிதம். இதையும் அதே ஆண்டறிக்கையில் பார்த்து ஒப்பிடுங்கள். பிறப்பு விகிதம் குறைந்து இது குறையாமல் இருந்தால், மாறியது பெண்களின் எண்ணிக்கை என்று பொருள்.

9. சிசு மரணத்துக்கு மூன்று ஆண்டைச் சேருங்கள்

ஓராண்டின் 6 மரணத்தில் எதுவும் சொல்ல முடியவில்லை. மூன்று ஆண்டுகளைச் சேர்த்தால் 2,160 பிறப்பு, 17 மரணம் என்று வைப்போம். விகிதம் 7.9, எல்லை 4.6 முதல் 12.6 வரை. இப்போது தமிழ்நாட்டின் 13க்குக் கீழே வந்துவிட்டது. சிறிய மாநிலங்களுக்கு எஸ்.ஆர்.எஸ். சிசு மரணத்தை மூன்றாண்டுச் சராசரியாகத் தருவதும் இதனால்தான்.

ஆனால் நல்ல எண் வந்தால் இருமடங்கு சோதியுங்கள். 2020ல் நாட்டின் சிசு மரணம் 28ல் 20 முதல் 28 நாளுக்குள் நிகழ்ந்தவை. பத்துக்கு ஏழு. உங்கள் 17ல் முதல் மாதத்து மரணம் ஐந்தே ஐந்துதான் என்றால், பிறந்த சில மணி நேரத்தில் போன குழந்தைகள் பட்டியலுக்கு வரவில்லை.

அவர்கள் எங்கே போகிறார்கள்? பல சமயம் செத்துப் பிறந்ததாக எழுதப்படுகிறார்கள். ஒரு மூச்சு, ஒரு இதயத் துடிப்பு, தொப்புள்கொடியில் ஒரு துடிப்பு இருந்தாலும் அது உயிருள்ள பிறப்பு. அரை மணி நேரம் இருந்த குழந்தைக்கும் ஒரு பிறப்புப் பதிவு, ஒரு இறப்புப் பதிவு என இரண்டும் வேண்டும். ஆகவே செத்துப் பிறந்தவை என்ற பட்டியலை எடுத்து, பிரசவம் பார்த்த செவிலியரிடம் ஒவ்வொன்றாக, மெதுவாக, குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் கேளுங்கள். தாயிடம் நீங்களே நேராகப் போய்க் கேட்க வேண்டாம்.

வெளியூர்ப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு அங்கே இறந்த பச்சிளங்குழந்தைகளையும் தேடுங்கள். அவர்களின் பதிவு அந்த நகரத்தில் இருக்கும். செவிலியர் பட்டியலில் தடுப்பூசிக் கட்டம் காலியாக இருக்கும் குழந்தைகளின் பெயரிலிருந்து தொடங்கினால் கிடைத்துவிடுவார்கள்.

10. எழுதும்போது

ஒவ்வொரு விகிதத்தோடும் எண்ணிக்கை, மக்கள்தொகை, ஆட்டத்தின் எல்லை, ஆண்டு, மூலம் ஐந்தையும் எழுதுங்கள். "இறப்பு விகிதம் 9.6" என்று மட்டும் எழுதினால் அடுத்தவர் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

நம் வட்டாரத்துக்கு நான் எழுதும் பத்தி இப்படி இருக்கும்: "2020ல் வழக்கமாக வசிப்பவர்களில் 558 இறப்புகள் என மதிப்பிடுகிறோம், பதிவானவை 500. ஆயிரத்துக்கு 9.6 என்பது கிராமப்புற இந்தியாவின் 6.4ஐவிட அதிகம். வயதைச் சரிசெய்தால் வித்தியாசம் இல்லை. பத்தில் ஒரு இறப்பு பதிவாகவில்லை. மக்கள்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர்."

திட்டத்துக்கு வேண்டிய இரண்டு செய்தி இதில் இருக்கிறது: பதிவு விடுபடுகிறது, முதியோருக்கான சேவை அதிகம் தேவை. இறப்பு அதிகம் என்று மட்டும் எழுதியிருந்தால் இரண்டுமே தெரிந்திருக்காது.

ஊராட்சிகளை வரிசைப்படுத்தி முதலிடம், கடைசி இடம் என்று அட்டவணை போடாதீர்கள். மூன்று, நான்கு நிகழ்வுகளில் வரிசை ஆண்டுக்கு ஆண்டு மாறும். அடுத்த ஆண்டு கடைசி இடத்துக்குப் பயந்து மரணங்கள் எழுதப்படாமல் போகும்.

முடித்ததும் ஒரு பிரதியைச் செவிலியர்களுக்கும் கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் கொடுங்கள். எந்த ஊரில் எத்தனை இறப்பு ஒரு பட்டியலில் மட்டும் இருந்தது என்பதைப் பெயர் இல்லாமல் தனித் தாளில் வையுங்கள். விடுபட்டவற்றுக்கு ஓராண்டு தாண்டினால் மேலதிகாரியின் உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் அந்தக் குடும்பங்களுக்குச் சொல்லி அனுப்பினால் பதிவு முடிந்துவிடும்.